கோவில்பட்டி வீடு: கார் நிறுத்தும் இடத்துக்கு என்ன தரை போடலாம்?

கரிசல்காரன்:
வணக்கம். கோவில்பட்டியில் அப்பா அம்மாவுக்காக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சு முடிந்துவிட்டது, உள்ளே டைல்ஸ் வேலை ஓடுகிறது. நான் இருப்பது சென்னையில். மாதம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது முடிவு எடுக்க முடியாமல் நிற்பது முன்பக்கம் கார் விடும் இடத்தில். அகலம் 12 அடி, நீளம் 20 அடி. உள்பக்கம் 14 அடிக்கு மேலே காங்கிரீட் கூரை உண்டு, கேட் வரை மீதி 6 அடி திறந்தவெளி. ஒரு கார், அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல், நான் ஊருக்கு வந்தால் ஓட்டும் பழைய புல்லட், மூன்றும் அங்கேதான் நிற்கும்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மேஸ்திரி பார்க்கிங் டைல்ஸ் என்கிறார். மச்சான் எபாக்சி என்கிற பிசின் பூச்சை அடி, ஷோரூம் மாதிரி இருக்கும் என்கிறான். அம்மாவுக்கு வழுக்கக் கூடாது, வத்தல் காயப்போட இடம் வேண்டும். அப்பாவோ, "சிமெண்ட் தரை போதும்டா, வண்டி நிற்கப்போகிற இடத்தில் ஏன் காசைக் கொட்டுகிறாய்" என்கிறார். எனக்குச் சொன்ன விலை: பார்க்கிங் டைல்ஸ் சதுர அடி 48 ரூபாய், கூலி தனி. எபாக்சி கூலியோடு 85. கிரானைட் 110, அதற்கும் கூலி தனி.

போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டைவாசி:
பார்க்கிங் டைல்ஸ்தான். திருச்சியில் எங்கள் வீட்டில் ஏழு வருடமாகக் கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. முடிந்தது கதை.

தாமிரபரணிக்கரை:
உங்களுக்கு முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது.

பாளையங்கோட்டையில் 2019இல் போட்டோம். கடையில் "லாரியே ஏறலாம்" என்று சொல்லிக் கொடுத்த டைல்ஸ். இரண்டாம் வருடம் முடிவதற்குள் பதினொரு டைல்ஸ் விரிந்துவிட்டது. பதினொன்றும் கார் சக்கரம் போகும் இரண்டு தடத்தில்தான். மாற்றலாம் என்று கடைக்குப் போனால் அந்த டிசைன் நின்றுவிட்டதாம். இப்போது இரண்டு தடத்திலும் வேறு நிறம் போட்டு, வேண்டுமென்றே செய்தது போலக் காட்டிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் "நல்ல ஐடியா சார்" என்று வேறு சொல்கிறார்கள்.

சித்தாள்மகன்:
டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தாமிரபரணிக்கரை அண்ணே, அந்தப் பதினொன்றைப் பெயர்த்தபோது பின்பக்கம் எப்படி இருந்தது? நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை ஒட்டியிருந்ததா?

தாமிரபரணிக்கரை:
அதேதான் தம்பி! நடுவில் ஓர் உருண்டை, மூலைக்கு ஒன்று. மீதி வெறும் காற்று. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சித்தாள்மகன்:
பத்து வீட்டில் எட்டு வீட்டில் அதுதான். மட்டம் பார்ப்பது சுலபம் என்பதற்காகக் கலவையை உருண்டையாக வைத்துத் தட்டிவிடுவார்கள். சுவருக்கே அது தப்பு. கார் ஏறும் தரைக்குக் கேட்கவே வேண்டாம். காரும் ஆட்களுமாக 1,400 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ வரும். அது தரையில் பதிவது ஒன்றிரண்டு உள்ளங்கை அகலம்தான். அந்த உள்ளங்கைக்குக் கீழே பொந்து இருந்தால், டைல்ஸ் 12 மில்லிமீட்டர் தடிமனாகவே இருக்கட்டும், விரியத்தான் செய்யும்.

இன்னொன்று. பார்க்கிங் டைல்ஸ் என்ற பெயரில் கடையில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று மேலே பூச்சும் அச்சும் போட்டது. தேயத் தேய உள்ளே மண் நிறம் தெரியும். மற்றது அடிவரை ஒரே கலவையாகச் சுட்ட விட்ரிஃபைடு. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும், கடையில் ஓர் உடைசல் கேட்டு வாங்கிப் பாருங்கள். விட்ரிஃபைடு தண்ணீர் குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. அதனால் வெறும் சிமெண்ட் பாலை அது சரியாகப் பிடிக்காது. பழைய பழக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு ஒட்டுவார்கள், அது செராமிக்குக்குத்தான் சரி. விட்ரிஃபைடுக்கு டைல் ஒட்டும் பசை வேண்டும், மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள். பல் கரண்டியால் தரை முழுக்க இழுத்து, டைல்ஸ் முதுகிலும் ஒரு தடவல் தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைக்க வேண்டும். மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அப்போதே பெயர்க்கச் சொல்லுங்கள். கூலி கொடுத்த பிறகு தட்டிப் பிரயோசனம் இல்லை.

கரிசல்காரன்:
இவ்வளவு விஷயம் இருக்கிறதா! நன்றி அண்ணே. எபாக்சி போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மச்சான் தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறான்.

கொங்குத்தறி:
நான் போட்டேனுங்க. பல்லடம் பக்கம். முதலில் எங்கள் தறிக் குடோனில் அடித்தோம், அருமையாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஆசையில் வீட்டுப் போர்டிகோவுக்கும் அதே சாம்பல் நிறம் அடித்தேன். அடித்த அன்றைக்குக் கண்ணாடி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை முடிந்ததும் அங்கங்கே கொப்பளம். பத்து ரூபாய் நாணயம் அளவு. குத்தினால் உள்ளே தண்ணீர். அப்புறம் சித்திரை வெயிலில் இன்னொரு கூத்து. ஊட்டிக்குப் போய்விட்டு வந்து காரை நிறுத்தினேன். மறுநாள் காலை எடுத்தால் சக்கரத்தோடு நான்கு துண்டு பெயிண்டும் கிளம்பி வந்துவிட்டது. அடித்துக்கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "கார் ஏற்றுவீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றாருங்க. கார் நிறுத்தும் இடத்துக்கு!

குளிர்நாட்டான்:
கொங்குத்தறி அண்ணை சொன்ன இரண்டுக்கும் காரணம் உண்டு. நான் டொரொண்டோவில் இருக்கிறேன். இங்கே எங்கள் வீட்டுக் கராஜுக்கு இதே யோசனையில் ஒரு வருடம் மண்டையைப் போட்டு உடைத்தேன்.

கொப்பளம் வந்தது கீழிருந்து ஏறும் ஈரத்தால். காங்கிரீட் பஞ்சு மாதிரி, நிலத்து ஈரம் அதன் வழியே ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். குடோனில் ஒருவேளை காங்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் விரித்திருப்பார்கள், வீட்டில் விரித்திருக்க மாட்டார்கள். டயரோடு கழன்றது வேறு கதை. ஓடிச் சூடான டயர் பூச்சை இளக்கும். பிறகு ஆறும்போது டயர் சுருங்கிப் பூச்சைப் பிடித்து இழுக்கும். தரையை வைர மெஷினால் உரசாமல் பெருக்கித் துடைத்துவிட்டு அடித்த மெல்லிய பூச்சு என்றால் நிச்சயம் கழரும்.

அடிப்பதற்கு முன்னம் காசில்லாத ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உள்பக்கம் நீர் முத்து நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ எபாக்சியை மறந்துவிடலாம். புதுக் காங்கிரீட் என்றால் 28 நாள் ஆகும்வரை சோதனையே வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பிரச்சினை வேறு. மாரிகாலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். கார் அந்த உப்புத் தண்ணீரையும் பனியையும் கராஜுக்குள் கொண்டுவந்து உருக்கும். உறைந்து உருகி உறைந்து உருகிக் காங்கிரீட் மேல்தோல் பொரிந்து போகும். அதனால்தான் ஒன்ராறியோ கட்டட விதியில் கராஜ் தரைக்கு 32 மெகாபாஸ்கல் வலுவும், உள்ளே 5 முதல் 8 சதவீதம் நுண்ணிய காற்றுக் குமிழும் கேட்கிறார்கள். அந்தத் தோலைக் காப்பாற்றத்தான் நாங்கள் பூச்சுக்கு இவ்வளவு செலவழிக்கிறோம். கோவில்பட்டியில் உப்பும் இல்லை, பனியும் இல்லை. உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி தம்பி.

கரிசல்காரன்:
அப்பாவிடம் இதைக் காட்டமாட்டேன் 😄

திறந்தவெளியில் இருக்கும் அந்த 6 அடியிலும் எபாக்சி அடிக்கலாமா?

குளிர்நாட்டான்:
வேண்டாம். வெயில் நேரே பட்டால் எபாக்சி மஞ்சளாகும், பிறகு சுண்ணாம்பு மாதிரி மாவாகும். மேலே வெயில் தாங்கும் பாலியூரிதேன் அல்லது பாலிஅஸ்பார்ட்டிக் பூச வேண்டும். நான் இரண்டாவதைத்தான் போட்டேன், சில மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். விலை கண்ணைக் கட்டும்.

ரசமட்டம்:
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் மேலே என்ன போடுவது என்றே பேசுகிறீர்கள். தம்பி, நான் கேட்கும் மூன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் என்ன மண்? எதைக் கொண்டு மேவி நிரப்பினீர்கள்?

தண்ணீர்ச் சம்ப்பு (நிலத்தடித் தொட்டி) எங்கே இருக்கிறது?

வாசல் ரோட்டைவிடத் தரை எத்தனை அங்குலம் உயரம்?

கரிசல்காரன்:
ஐயா, மண் கரிசல். என் பெயரே அதனால்தான். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அஸ்திவாரம் தோண்டிய மண் மிச்சம் கிடந்தது, அதையே போர்டிகோவுக்குள் தள்ளி நிரப்பியிருக்கிறார்கள்.

சம்ப்பு போர்டிகோவுக்குக் கீழேதான், 6க்கு 8 அடி. வீட்டை ஒட்டி இடது பக்கம். ஒரு பகுதி சம்ப்பு, மீதி மண் என்று சொல்லலாம். ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று அளக்கவில்லை, அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மலைக்கோட்டைவாசி:
போச்சு.

ரசமட்டம்:
போகவில்லை, இன்னும் தரை போடவில்லையே. நல்ல நேரத்தில் கேட்டீர்கள்.

கரிசல் மண் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வருடா வருடம் மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்கும். அதன் மேல் நான்கு அங்குலக் காங்கிரீட்டைப் போட்டு டைல்ஸ் ஒட்டினாலும், எபாக்சி அடித்தாலும், தங்கத் தகடே வேய்ந்தாலும் மழைக்கு ஒரு தடவை தூக்கும், கோடைக்கு ஒரு தடவை உட்காரும். அந்த மண்ணை வெளியே எடுங்கள். குறைந்தது இரண்டு அடி. உங்கள் பக்கம் சரள் மண் கிடைக்கும், அதை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, இடி மெஷின் வாடகைக்கு எடுத்து இடியுங்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் ஓட்டுவது இடித்ததாகாது.

சம்ப்பு விஷயம் இதைவிடப் பெரியது. சம்ப்புச் சுவர் அடியிலிருந்து எழும்பி நிற்கிறது, அசையாது. பக்கத்தில் இருக்கும் நிரப்பல், எவ்வளவு இடித்தாலும், கொஞ்சமாவது இறங்கும். ஒரே தரை பாதி கல்லிலும் பாதி மண்ணிலும் உட்கார்ந்தால் சம்ப்பு ஓரத்தை ஒட்டி நேர்கோடாக விரிசல் விடும். தாமிரபரணிக்கரை, உங்கள் பதினொரு டைல்ஸில் ஏதாவது சம்ப்பு ஓரத்தில் இருந்ததா?

அந்தக் கோட்டில் நாமே முதலில் வெட்டிவிட வேண்டும். சம்ப்பு மேல்தளம் தனி, மண்மேல் தளம் தனி. நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டு, தார் அட்டை வைத்து, மேலே இளகும் சீலன்ட் நிரப்புங்கள். டைல்ஸ் போடுவதானால் டைல்ஸ் இணைப்பும் சரியாக அந்தக் கோட்டில்தான் விழ வேண்டும். ஒரு டைல்ஸ் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கக் கூடாது.

சம்ப்பு மேல்தளம் கார் எடைக்குக் கணக்கிட்டதா என்று வரைபடம் போட்டவரிடம் இன்றே கேளுங்கள். ஆள் நடக்க மட்டும் போட்ட மூடித்தளத்தின் மேல் கார் ஏற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சம்ப்பு மூடியும் அப்படித்தான். மூடியில் எம்டி 10 என்று அச்சிட்டிருந்தால் 10 டன், எல்டி 2.5 என்றால் இரண்டரை டன். சக்கரத் தடத்தில் மூடி வந்தால் எம்டி வாங்குங்கள். மூடிச் சட்டத்தைத் தரையைவிட ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள். கார் கழுவும் தண்ணீரும் எஞ்சின் ஆயிலும் குடிதண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

தாமிரபரணிக்கரை:
ஐயா, இப்போதுதான் டார்ச் அடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பதினொன்றில் நான்கு, சம்ப்பு ஓரத்தில் வரிசையாக. இத்தனை நாள் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சித்தாள்மகன்:
மீதி ஏழுக்குத் திட்டலாம்.

திண்ணையக்கா:
பெரிய மனிதர்கள் எல்லாரும் காரை மட்டும் நினைக்கிறீர்கள். அந்த இடத்தில் கார் நிற்பது ராத்திரி மட்டும். பகலில் அங்கேதான் வத்தல், அங்கேதான் கீரை ஆய்வது, விசேஷம் வந்தால் அங்கேதான் பந்தி. தம்பி, அம்மாவிடம் கேட்டீர்களே, அதற்கே பாராட்டு.

சொரசொரப்பு வேண்டும் என்பதற்காகக் கட்டம் கட்டமாகக் குழி விட்ட டைல்ஸ் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது. குழிக்குள் மண் சேர்ந்தால் துடைப்பத்துக்கு வராது, தண்ணீரை விட்டடித்தால்தான் போகும். உங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிற இருப்புக்கு அது கட்டுப்படியாகாது. கோலமும் அதில் உட்காராது, குழியில் விழுந்து காணாமல் போய்விடும்.

மலிவு விலைக்கு வருகிறது என்று கடப்பாக்கல்லோ கோட்டாவோ போடச் சொல்வார்கள். இரண்டுமே சுண்ணாம்புக்கல். எலுமிச்சம்பழம் பட்டால் மேல்பளபளப்பு அரித்துவிடும். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவது எதை? ஆயுதபூஜைக்கு நசுக்குவது எதை? எங்கள் அண்ணன் வீட்டுக் கடப்பாவில் நான்கு வெள்ளை வட்டம் இருக்கிறது, எந்த வருடம் எந்த வண்டி என்று அதைப் பார்த்தே சொல்வோம்.

சிவப்புத் தரை போடலாமே என்று ஒரு ஆசை எனக்கு. எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரசமட்டம்:
அம்மா, சிவப்பு ஆக்சைடு மேலே கால் அங்குலத்துக்குள் இழைத்து ஏற்றும் தோல்தான். கால் படப்படப் பளபளக்கும், டயர் நின்ற இடத்திலேயே திரும்பினால் உரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான், வீட்டுக்குள் ராணி. வாசற்படியை ஒட்டி ஒரு மூன்றடிப் பட்டைக்குச் சிவப்பு போடலாம், அங்கே கார் வராது.

கொங்குத்தறி:
பேவர் பிளாக் (கோத்து அடுக்கும் சிமெண்ட் கல்) பற்றி ஒருவரும் பேசவில்லையே. எபாக்சியைச் சுரண்டிவிட்டு நான் கடைசியில் அதைத்தான் போட்டேன். நிம்மதி. மண் இறங்கினால் நான்கு கல்லைப் பெயர்த்து, மணல் போட்டு, திரும்ப வைத்துவிடலாம். தம்பியின் கரிசலுக்கு அதுதானுங்க பொருத்தம்.

சித்தாள்மகன்:
பொருத்தம்தான், ஆனால் அதிலும் ஏமாற்று உண்டு. கார் நிற்கும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம், எம்35 வலு என்று கேளுங்கள். நடைபாதைக்குப் போடும் 50 மில்லிமீட்டரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வரிசையாக அடுக்கினால் கார் திரும்பும்போது வரிசையே நகரும். மீன்முள் மாதிரிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால் நகராது. நான்கு ஓரத்திலும் காங்கிரீட் கட்டு வேண்டும், இல்லாவிட்டால் ஓரக் கல் ஒரு வருடத்தில் பல் விழுந்த மாதிரி ஆடும்.

திண்ணையக்கா:
எறும்பு?

கொங்குத்தறி:
எறும்பு வருமுங்க. புல்லும் முளைக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆயில் சொட்டினால் கறையும் போகாது, ஆனால் அந்த ஒரு கல்லைத் திருப்பிப் போட்டுவிடலாம்.

மலைக்கோட்டைவாசி:
கிரானைட்டுக்கு ஒரு வாக்கு. ஃப்ளேம்டு கிரானைட் என்று கேளுங்கள், தீயால் சுட்டு மேல்தோலைப் பொரிய வைத்திருப்பார்கள், மழையிலும் வழுக்காது. பாலிஷ் போட்டது மட்டும் வேண்டவே வேண்டாம். என் மாமனார் நனைந்த பாலிஷ் கிரானைட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

சித்தாள்மகன்:
சரியாகச் சொன்னீர்கள். சுடும்போது கல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையும், அதனால் 20 மில்லிமீட்டர் பலகையாக எடுங்கள். புல்லட் நிற்கும் இடத்துக்கும் அதுதான் நல்லது. 190 கிலோ வண்டி, சைடு ஸ்டாண்டின் நுனியோ இரண்டு விரல் அகலம். டைல்ஸ் உடைவதில் பாதி காரால் இல்லை, சைடு ஸ்டாண்டால்தான். எபாக்சி என்றால் வெயில் நேரத்தில் பள்ளம் விழும்.

கரிசல்காரன்:
போன சனி ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன்.

சம்ப்பு மேல்தளம் ஆறு அங்குலம், கார் எடைக்குக் கணக்கிட்டுத்தான் கம்பி கட்டியது என்று பொறியாளர் வரைபடத்தைக் காட்டினார். ஒரு கவலை தீர்ந்தது.

குளிர்நாட்டான் அண்ணா சொன்ன பாலித்தீன் சோதனையைச் சும்மா பார்ப்போம் என்று செய்தேன். வீட்டின் பின்பக்கம் ஆறு மாதத்துக்கு முன் போட்ட, துணி துவைக்கும் கல் மேடைக்குப் பக்கத்துச் சிமெண்ட் தரையில் ஒட்டினேன். அதற்கு அடியிலும் இதே மண்தான், பாலித்தீன் கிடையாது. மறுநாள் மதியம் பிரித்தால் உள்பக்கம் வேர்த்துக் கொட்டியிருந்தது. கோவில்பட்டியில், கோடையில்! மச்சானை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன். "நெட்வொர்க் சரியில்லை" என்று வைத்துவிட்டான்.

ரோட்டைவிடத் தரை 5 அங்குலம்தான் உயரமாக வரும் என்கிறார் அப்பா. போதுமா?

ரசமட்டம்:
போதவே போதாது. நம் ஊர்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சில அங்குலம் ஏறும். இரண்டு முறை போட்டால் உங்கள் 5 அங்குலம் தீர்ந்தது, மூன்றாவது மழைக்குத் தண்ணீர் உள்ளே.

அதற்காக ஒரேயடியாகத் தூக்கினால் கார் வயிறு இடிக்கும். உங்களுக்குத் திறந்தவெளி 6 அடி இருக்கிறதல்லவா, அதைச் சரிவாக்குங்கள். கேட்டில் ரோட்டைவிட 3 அங்குலம், கூரை தொடங்கும் இடத்தில் 12 அங்குலம். 6 அடிக்கு 9 அங்குலம் ஏற்றம் என்றால் எட்டுக்கு ஒன்று, வீட்டுக் காருக்கு அதற்குமேல் செங்குத்தாகப் போகாதீர்கள். மேல் முனையையும் கீழ் முனையையும் கூர்மையாக விடாமல் வளைத்துவிடச் சொல்லுங்கள். சரிவை கேட்டுக்கு வெளியே ரோட்டில் நீட்டாதீர்கள், அது அடுத்தவர் வழி. கூரைக்குக் கீழே 14 அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் போதும். அதற்குமேல் வாட்டம் வைத்தால் பந்தியில் சாம்பார் இலையை விட்டு ஓடும்.

கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு சல்லடை வாய்க்கால் வையுங்கள். மாடித் தண்ணீர் மட்டும் மழைநீர்க் குழிக்குப் போகட்டும். கார் கழுவும் தண்ணீரை அதில் கலக்காதீர்கள், ஆயில் நிலத்தடிக்குப் போய்விடும்.

கரிசல்காரன்:
ஐயா, அப்படியானால் கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் வீடாக இருந்தால் மேலே என்ன போடுவீர்கள்?

ரசமட்டம்:
என் வீட்டில் வெறும் காங்கிரீட். சிரிக்காதீர்கள். ஐந்து அங்குலம், எம்25, நடுவில் 8 மில்லிமீட்டர் கம்பி வலை, அடியில் 250 மைக்ரான் பாலித்தீன். காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே மேலே கரணையால் தேய்த்து மட்டம் பண்ணிவிட்டு, சக்கரத் தடத்தில் மட்டும் ஈர்க்குமாற்றால் குறுக்கே ஒரு இழுப்பு. மெல்லிய கோடு விழும், அதுதான் பிடிமானம். மறுநாளே பத்தடிக்கு ஒரு கோடு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டிவிட வேண்டும். விரிசல் விடத்தான் செய்யும், நாம் சொன்ன இடத்தில் விடட்டும். அழகு வேண்டும் என்றால் ஒரு வருடம் கழித்து, தரை உட்கார்ந்த பிறகு, அதன் மேல் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டிக்கொள்ளலாம். முதலிலேயே ஒட்டினால் பெயர்ப்பதற்கும் சேர்த்துக் காசு.

மலைக்கோட்டைவாசி:
ஐயா, ஒரு கேள்வி. பூச்சு எதுவும் இல்லாத காங்கிரீட் தூசி கக்காதா? எங்கள் பழைய வாடகை வீட்டில் எத்தனை முறை பெருக்கினாலும் வெள்ளைத் தூள் வந்துகொண்டே இருந்தது.

ரசமட்டம்:
கக்கும், கலவையில் தண்ணீர் கூடிவிட்டால். வேலை இலகுவாக வரட்டும் என்று பைப்பைத் திறந்துவிடுவார்கள், மிச்சத் தண்ணீர் சிமெண்டை மேலே தூக்கிக்கொண்டு வந்து பலமில்லாத தோலாகப் படியும். அந்தத் தோலின் மேல் உலர் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது அடுத்த தப்பு. தண்ணீரை அளந்து ஊற்றி, தரையில் ஊறி நிற்கும் நீர் மறைந்த பிறகு தேய்த்து, பத்து நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் தூசி வராது. அப்படியும் வந்தால் லித்தியம் சிலிகேட் திரவம் ஒரு கை அடியுங்கள், தரைக்குள் இறங்கி இறுகிவிடும். படலமாக மேலே நிற்காது, அதனால் உரியவும் உரியாது.

கரிசல்காரன் (ஏழு வாரம் கழித்து):
வேலை முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கரிசலை இரண்டேகால் அடி வெட்டி எடுத்தோம். மேஸ்திரி முகம் சுளித்தார், "இத்தனை வருடத்தில் யாரும் இப்படிச் செய்யச் சொன்னதில்லை" என்றார். சரள் நான்கு அடுக்காக இடித்தோம். முதல் நாள் நான் இல்லாதபோது இரண்டு அடுக்கை ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள், அப்பா கம்பியால் குத்திக் கண்டுபிடித்து, பாதியை அள்ளவைத்தார். சும்மா இருந்த மனிதர் இப்போது தெருவில் யார் வீடு கட்டினாலும் கம்பியோடு போய்விடுகிறார்.

கூரைக்குக் கீழே ஐயா சொன்ன காங்கிரீட். சம்ப்பு ஓரம் முழுக்க இடைவெளி விட்டாயிற்று. வாசற்படியை ஒட்டி மூன்றடிக்குச் சிவப்புத் தரை, திண்ணையக்காவுக்கு நன்றி, அம்மா அதில் மாக்கோலம் போட்டு அனுப்பிய படம் வாட்ஸாப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. சரிவில் 60 மில்லிமீட்டர் பேவர், மீன்முள் கோப்பு. புல்லட்டுக்கு மூலையில் இரண்டடிக்கு மூன்றடி ஃப்ளேம்டு கிரானைட் துண்டு ஒன்று. கிரானைட் கடையில் கழித்துப் போட்டிருந்ததை 300 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

எதிர்பார்க்காத செலவு மண் எடுத்ததும் சரளும்தான், டைல்ஸில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிட்டது. ஒரு குறையும் இருக்கிறது. ஈர்க்குமாற்றுக் கோடு ஒரு பக்கம் ஆழமாக விழுந்துவிட்டது, அங்கே வத்தல் துணி விரித்தால் ஒட்டுகிறது என்று அம்மா புகார்.

திண்ணையக்கா:
பாய் விரித்து அதன் மேல் துணி போடச் சொல்லுங்கள் தம்பி. கோலப் படத்தை இங்கேயும் போடுங்கள்.

தாமிரபரணிக்கரை:
தம்பி, நீங்கள் வாங்கிய சம்ப்பு மூடி கார் ஏறும்போது சத்தம் போடுகிறதா? எங்களுடையது ராத்திரி பதினொரு மணிக்கு நான் வீடு திரும்பினால் தெருவையே எழுப்புகிறது.

கரிசல்காரன்:
முதல் வாரம் போட்டது அண்ணே. அப்பா பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி, சட்டத்தின் உள்விளிம்பில் நான்கு பக்கமும் ரப்பர் பசையால் ஒட்டினார். அடங்கிவிட்டது. மூடியைத் தூக்கி விளிம்பில் இருக்கும் மண்ணை முதலில் சுத்தமாகத் துடையுங்கள், மண்ணோடு ஒட்டினால் ஒரு மாதத்தில் கழன்றுவிடும்.